காக்கைக் கணவாயில் ஒரு மூடிய கை

வில்லர்ட் ஸ்பேர் ஊரை விட்டு ஓடிவிட்டார் என்று மாட்லின் மாவட்டத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். அவரை யாரோ ஓட வைத்துவிட்டார்கள் என்று மீதிப் பாதி சொன்னது. ஆள் உயிரோடுதான் இருக்கிறாரா என்று மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

கிப் லண்டிக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அவன் பயந்தால் அதிகம் பேசுகிற ரகம். துப்பறிய வருவதற்கு முன் ரோடியோ மைதானங்களில் மைக் பிடித்து, மாடு எவனைத் தூக்கி எறிந்தது என்று அறிவித்துக்கொண்டிருந்தவன். வாய் சும்மா இருக்காது.

"பாஸ், இதுல என்ன இருக்கு? வெளியூர் பஸ் நிக்கிற இடம் இது. வில்லர்டோட பிக்கப் வண்டி இதோ. சாவி சீட்டுக்கு அடியில. இதுக்கு மேல அவரே திரும்பி வந்து, நான் போயிட்டேங்கன்னு சொல்லணுமா?"

ரமோனா எச்சாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சாம்பல் நிற வண்டியின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைக் கையால் துடைத்து உள்ளே பார்த்தாள். வாயில் சூரியகாந்தி விதை. தோலைக் காகிதக் கோப்பையில் துப்பினாள். இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பொய்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். ஐம்பது வயதில் தனியாகத் தொழில் தொடங்கி, கிப்பைக் கூடச் சேர்த்துக்கொண்டாள். ஏன் சேர்த்துக்கொண்டாள் என்று அவனுக்கே இன்னும் விளங்கவில்லை.

"சீட்டைப் பின்னால தள்ளியிருக்கான்னு பாருங்க பாஸ். எல்லாக் கதையிலயும் அதை வச்சுத்தான் பிடிப்பாங்க."

"தள்ளல. ஓட்டினவனும் அவர் உயரம்தான் போல."

"ஓட்டினவனா? அவரே ஓட்டலன்னு யாரு சொன்னது?"

"அவர்தான் ஓட்டினாருன்னு யாரு சொன்னது?" என்றாள் ரமோனா. "ஒரே ஒரு ஆள் சொல்லியிருக்கா. வா, அவளைப் பார்ப்போம்."

விவகாரம் இதுதான். மாட்லின் மாவட்டத்தை இரண்டாக உடைக்கலாமா என்று நாளை வாக்கெடுப்பு. காக்கைக் கணவாய்க்கு மேற்கே கார்னெட். அங்கே ஒரு தங்கச் சுரங்கம், ஒரு பள்ளிக்கூடம், அதில் அறுபது பிள்ளைகள். கணவாய்க்குக் கிழக்கே ஹாலோரன். இங்கே தொள்ளாயிரம் பிள்ளைகள், வரி போட லாயக்கில்லாத உப்பு நிலம். இன்றுவரை சுரங்கத்தின் சொத்து வரிதான் இரு பக்கத்துப் பள்ளிகளையும் ஓட்டிக்கொண்டிருந்தது. மாவட்டம் உடைந்தால் அந்த வரி மேற்கோடு நின்றுவிடும். ஹாலோரனில் பாதி ஆசிரியர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அண்ணன் தம்பி பாகப் பிரிவினை," என்று கிப் அதற்குப் பெயர் வைத்திருந்தான். "கறவை மாடு தம்பிக்கு, புள்ளகுட்டி எல்லாம் அண்ணனுக்கு."

அதற்காகக் கார்னெட்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. செலவு கட்டுப்படியாகவில்லை, கார்னெட் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளைத் தினமும் கணவாய் தாண்டி ஹாலோரனுக்கு அழைத்து வரலாம் என்று மாவட்டப் பள்ளி நிர்வாகம் இரண்டு வருடமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஆறு வயசுப் பிள்ளையைக் குளிர்காலத்தில் அந்த மலைமேல் யார் அனுப்புவார்கள்? பிரிந்துவிட்டால் எங்கள் பள்ளி எங்களுக்கு என்று அவர்கள் கிளம்பினார்கள்.

வில்லர்ட் ஸ்பேர் மாவட்டத்தின் சொத்து மதிப்பீட்டாளர், ஒன்பது வருடத்துக்கு முன் நகரத்திலிருந்து வந்தவர். யாருடைய நிலத்துக்கு என்ன வரி என்று சொல்கிறவர், அதனால் யாருக்கும் நண்பர் இல்லை. இன்று மாலை ஹாலோரனில் நடக்கும் பொதுக்கூட்டத்தில் பிரிவினையால் பள்ளிகளுக்கு என்ன ஆகும் என்று அவர் பேசுவதாக இருந்தது. திங்கட்கிழமையோடு ஆளைக் காணோம்.

கிழக்கே சந்தேகம் புகைந்தது. அதை அணைக்கப் பிரிவினைக் குழுவே ரமோனாவை அமர்த்தியது. வில்லர்ட் தன் இஷ்டத்துக்குத்தான் போனார் என்று அவள் கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். கணக்குப் போட்டவரே தன் கணக்கை நம்பாமல் ஓடிவிட்டார் என்று ஆகிவிடும். பிரிவினை ஜெயித்துவிடும்.

*

பள்ளிப் பேருந்துகள் நிற்கும் கொட்டகை எதிரிலேயே இருந்தது. டெல்ஃபின் மார்ஷ் குழாயைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் பேருந்தின் சக்கரத்திலிருந்து சேற்றை அடித்துக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவள், ஆண்கள் போடும் கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி.

"வில்லர்டைக் கடைசியாப் பார்த்தது நீங்கதானாமே?" என்றாள் ரமோனா.

"கடைசியான்னு சொல்லாதீங்க. திங்கக்கிழமை சாயங்காலம் எங்க கூடைப்பந்துப் பொண்ணுங்களைக் கார்னெட்டுக்கு ஏத்திட்டுப் போறேன். மேல ஏறிட்டிருக்கேன், அந்தச் சாம்பல் வண்டி எதிர்ல எறங்கி வருது."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"எங்க? வெயில் நேரா என் கண்ணுல. தொப்பி தெரிஞ்சுது. கை தெரிஞ்சுது."

"வில்லர்டுக்குக் கைன்னு ஒண்ணு இருக்கா?" என்றான் கிப். "ஒன்பது வருஷத்துல யாருக்கும் அசைச்சதில்லன்னாங்களே."

"அதான் தம்பி, நானும் அவரைத் திட்டிட்டிருந்தவதான். இனிமே திட்ட மாட்டேன். கையை மூடிக் காட்டினாரு. நான் சட்டுன்னு கியரைக் குறைச்சேன். உச்சி தாண்டி மூணாவது வளைவுக்குப் போனா, தண்ணி வழிஞ்சு ரோடு பூரா ஐஸு. நான் வந்த வேகத்துல போயிருந்தேன்னா..." அவள் குழாயைக் கீழே போட்டாள். "பின்னால பொண்ணுங்க பாட்டுப் பாடிட்டிருந்தாங்க. ஒண்ணுக்கும் தெரியாது. அந்த மனுஷன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

ரமோனா விதை மெல்லுவதை நிறுத்தினாள். கிப் அதைக் கவனித்தான். அவள் நிறுத்துகிற நேரம் நல்ல நேரமாக இருந்ததே இல்லை.

"கையை மூடினா என்ன அர்த்தம்?"

"விரிச்ச கைன்னா பின்னால ரோடு சுத்தம். மூடின கைன்னா ஐஸு, மான், கல்லு, ஏதோ ஒரு சனியன் இருக்கு, மெதுவாப் போன்னு அர்த்தம். மலைமேல ரேடியோ எடுக்காது. எங்களுக்குள்ள அப்படித்தான்."

"இந்த இடம் காலியா இருக்கே?" ரமோனா பக்கத்திலிருந்த எண்ணெய்க் கறை படிந்த தரையைக் காட்டினாள்.

"கார்னெட் பஸ்ஸு நின்னுது. பிரேக் மாத்தினாங்க. திங்கக்கிழமை நான் மேட்ச் முடிஞ்சு திரும்பி வந்தப்போ இல்ல, எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"பஸ்ஸும் ஓடிப்போச்சா?" என்றான் கிப். "இந்த ஊர்ல எதுவும் நிக்காது போலிருக்கே."

டெல்ஃபின் சிரித்தாள். "மூணு மணிக்கு நானும் கார்னெட் போகணும். கார் இல்லாத கெழங்களை எல்லாம் கூட்டத்துக்கு ஏத்திட்டு வரணுமாம். எங்க ஸ்கூல் காசைப் பிடுங்கிட்டுப் போக வர்றவங்களுக்கு நானே வண்டி ஓட்டணும். என் தலையெழுத்தைப் பார்த்தீங்களா?"

*

கணவாயின் ஏற்றத்தில் கிப் ஓட்டினான். மேகம் தாழ்ந்து மலையின் தலையைத் தின்றுவிட்டிருந்தது. உச்சியில் சாலையோரம் ஆரஞ்சு நாடா கட்டிய முளைகள் வரிசையாக நின்றன. நாளை ஜெயித்தால் எல்லை அதுதான். நாடாக்கள் காற்றில் அடித்துக்கொண்டன. ஒரு முளையின்மேல் உட்கார்ந்திருந்த காக்கை இவர்கள் கடந்து போகும்வரை தலையைத் திருப்பிப் பார்த்தது.

"பாஸ், இந்தக் காக்காவுக்கு ஓட்டு எந்தப் பக்கம்?"

"எதிர்ல லாரி வருது. கையை மூடிக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டு."

கிப் ஸ்டியரிங்குக்கு மேலே முஷ்டியை உயர்த்தினான். லாரி வேகத்தைக் குறைக்கவில்லை. காது கிழிய ஹாரன் அடித்தது. ஓட்டுநர் ஜன்னலை இறக்கி, கிப்பின் பிறப்பைப் பற்றி ஏதோ கத்திவிட்டு, ஒரே ஒரு விரலைக் காட்டிவிட்டுப் போனான்.

"என் அம்மாவை இழுத்துட்டான்!" என்றான் கிப். "சண்டைக்குக் கூப்பிடறேன்னு நெனைச்சுட்டான் போல."

"வேற எப்படி நெனைப்பான்? அது பஸ் ஓட்டுறவங்க பாஷை. லாரிக்காரனுக்குத் தெரியல. உனக்குத் தெரியல. எனக்கும் காலையில வரைக்கும் தெரியாது." ரமோனா கோப்பையில் துப்பினாள். "நகரத்துலேர்ந்து வந்து, மேசையை விட்டு எழுந்திருக்காத ஒரு மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்?"

கிப்பின் கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்தது.

"அப்போ அந்த வண்டியில வந்தது..."

"வில்லர்ட் இல்ல. அவரோட வண்டி, அவரோட தொப்பி. கை வேற ஒருத்தரோடது. பஸ் ஓட்டிப் பழகின கை. எதிர்ல மஞ்சளா ஒண்ணு வந்ததும், தான் என்ன காரியமாப் போறோம்ங்கிறதையே மறந்து தன்னால மேல போயிருக்கு."

"டெல்ஃபின்?"

"டெல்ஃபின் அவளுக்கு அவளே கை காட்டிக்க முடியாது."

கிப்புக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது வளைவில் வண்டி மெல்ல நழுவி மறுபடி பிடித்துக்கொண்டது. பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து சாலையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் தடுப்புச் சுவர் கிடையாது. கீழே எத்தனை ஆழம் என்று மேகம் காட்டவில்லை. ஒரு பேருந்து நிறையப் பெண்பிள்ளைகள் என்று நினைத்ததும் அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஒரு வில்லன் எதுக்கு பாஸ் ஐஸ் இருக்குன்னு எச்சரிக்கை பண்ணணும்?"

"வில்லன்னு யாரு சொன்னது?" என்றாள் ரமோனா. அந்தக் குரலில் இருந்த வருத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

*

கார்னெட் பள்ளி ஒற்றைக் கட்டடம். படிக்கட்டில் பனி சுத்தமாகப் பெருக்கப்பட்டு உப்பு தூவியிருந்தது. படிக்குக் கீழே தாழ்வான ஒரு கதவு. எரிவாயு வருவதற்கு முன் நிலக்கரி போட்டு வைத்த அறை. கதவின்மேல் பிள்ளைகளின் பனிச்சறுக்குப் பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கிப் அதில் சாய்ந்து நின்று காலணியில் ஒட்டிய பனியைத் தட்டினான். முதுகில் ஏதோ குத்தியது. திரும்பிப் பார்த்தான். புத்தம்புதுப் பூட்டு.

"நிலக்கரிக்கு இவ்வளவு மரியாதையா?" என்றான். ரமோனா பூட்டைப் பார்த்தாள்.

காலையில் சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்த பிள்ளைகளோடு மஞ்சள் பேருந்து ஒன்று வந்து நின்றது. பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். கடைசியாக ஓட்டுநர் இறங்கினார். உயரமான மனிதர், நரைத்த மீசை. ஒரு சிறுமியின் கழன்ற காலணிக் கயிற்றைக் குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

பிரின்சிபால் ஆர்லோ டென்டன். பிரிவினைக் குழுவின் தலைவர். இவர்களை வேலைக்கு அமர்த்தியவர்.

கிப் அந்த மஞ்சள் பேருந்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வாங்க, வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னிக்கு மிளகாய்ப் பீன்ஸும் இலவங்கப்பட்டை ரொட்டியும்." ஆர்லோ இருவர் கையையும் குலுக்கினார். சூடான, சொரசொரப்பான கை. "என்ன இப்படிப் பார்க்கறீங்க? இங்க ஆள் கெடையாது. பிரின்சிபாலும் நான்தான், டிரைவரும் நான்தான். சமையல்காரி லீவு போட்டா கரண்டியும் என் கையிலதான்."

உள்ளே பிள்ளைகள் ரொட்டியைப் பீன்ஸில் முக்கிச் சாப்பிட்டார்கள். எல்லோருக்கும் அவரே பரிமாறினார். எல்லோர் பெயரும் தெரிந்தது. யாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதும் தெரிந்தது. கயிறு கட்டிவிட்ட சிறுமி தட்டோடு நின்றாள்.

"மிஸ்டர் டென்டன், அடுத்த வருஷமும் நாங்க இங்கதானா?"

"இங்கதாண்டா கண்ணு. வேற எங்க?"

அவருடைய குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. கிப் மீதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். இந்த மனிதராக இருக்கக் கூடாது என்று அவன் மனதார ஆசைப்பட்டான்.

மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். ஆர்லோ மூன்று கோப்பையில் காப்பி ஊற்றினார்.

"ஆக, சாயங்காலம் கூட்டத்துல சொல்லிடுவீங்க இல்லையா? வில்லர்ட் போயிட்டாருன்னு."

"போயிட்டாரு. அதுல சந்தேகம் இல்ல," என்றாள் ரமோனா. "பஸ்ஸு நல்லா ஓடுதா? புது பிரேக்குன்னு கேள்விப்பட்டேன்."

"அருமையா ஓடுது. திங்கக்கிழமை நானே போய் ஹாலோரன்லேர்ந்து எடுத்துட்டு வந்தேன். மேட்ச்சுக்குக்கூட லேட்டாயிடுச்சு."

"சரி. பஸ்ஸை எடுத்துட்டு வந்தீங்க." ரமோனா காப்பியில் ஊதினாள். "அங்க எதுல போனீங்க?"

ஆர்லோவின் கோப்பை வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"பிரின்சிபால்னு எழுதின இடத்துல நிக்கிற உங்க காரை வெளியில பார்த்தேன். கதவு வரைக்கும் பனி மூடிக் கெடக்கு, ஒரு வாரமா அசையல. இங்கேர்ந்து ஹாலோரனுக்கு வேற வண்டி கெடையாது. யாராவது கூட்டிட்டுப் போயிருந்தா, பேரைச் சொல்லுங்க. நான் எழுந்து போயிடறேன்."

ஆர்லோ கோப்பையை மேசையில் வைத்தார். பக்கத்து அறையில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். கிப்புக்குப் பேச வேண்டும்போல் இருந்தது, எதையாவது, எந்த உளறலையாவது. வாய் வரவில்லை.

"மஞ்சள் பஸ்ஸை ஓட்டுறவன் முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்க," என்றாள் ரமோனா. "நல்ல யோசனை. வில்லர்ட் வண்டியை அங்க விட்டுட்டு, பஸ்ல திரும்பிட்டீங்க. எல்லாம் சரியாத்தான் பண்ணீங்க. ஒரே ஒரு இடத்துல கையை மூடிட்டீங்க."

ஆர்லோ தன் வலது கையைப் பார்த்தார். யாருடையதோ போலப் பார்த்தார்.

"டெல்ஃபின் சொன்னாளா?"

"அவ உங்களைக் காட்டிக் குடுக்கல. வில்லர்ட் தங்கமான மனுஷன்னு வாழ்த்திட்டிருக்கா."

"கையைக் காட்டாம எப்படிங்க விடறது?" ஆர்லோவின் குரல் இப்போது உடைந்தது. "ஐஸை நான் பார்த்துட்டேன். பஸ் நிறையப் புள்ளைங்க. எப்படி விடறது?"

"அந்தப் புள்ளைங்க ஸ்கூலைத்தானே சார் காலி பண்ணப் பார்த்தீங்க?" கிப்பின் வாய் கடைசியில் திறந்துகொண்டது.

"காசு வேற. புள்ளைங்க வேற." அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "என் அறுபதைக் காப்பாத்தப் பார்த்தேன். அவ்வளவுதான். அவங்க தொள்ளாயிரமும் எப்படியாவது சமாளிச்சுக்குவாங்கன்னு நெனைச்சேன்."

"வில்லர்ட் எதுக்கு வந்தாரு?" என்றாள் ரமோனா.

"மரியாதைக்கு. கூட்டத்துல எல்லார் முன்னாலயும் போட்டு உடைக்கறதுக்கு முன்னால எனக்கு மட்டும் சொல்லணும்னு மலை ஏறி வந்தாரு. மாவட்டம் பிரிஞ்சாலும் உங்க ஸ்கூல் நிக்காது ஆர்லோன்னாரு. புது மாவட்டம் சொந்தமாப் பள்ளி நிர்வாகம் வச்சுக்கணும்னா இருநூறு புள்ளைங்களாவது வேணுமாம், மாநிலச் சட்டம். எங்ககிட்ட அறுபதுதான். எங்களைத் தூக்கி மேற்கே பக்கத்து மாவட்டத்தோட ஒட்டிடுவாங்களாம். சுரங்கத்து வரியும் அங்க போயிடுமாம். உப்புப் பாலைவனத்தைத் தாண்டி, இந்த மலையை விட ரெண்டு மடங்கு தூரம் என் புள்ளைங்க போகணுமாம். ஹாலோரனும் நாசம், நாங்களும் நாசம்."

"அதைக் கேட்டப்புறமுமா?" என்றான் கிப்.

"ஓட்டு முடியட்டும், ஏதாவது வழி பொறக்கும்னு தோணிச்சு. ஒரு வாரம் வாயை மூடிட்டு இருங்கன்னேன். கெஞ்சினேன். மாட்டேன்னுட்டாரு. படியில வச்சு சட்டையைப் பிடிச்சேன், அவர் உதறினாரு. அன்னிக்குப் படியில உப்புப் போடல." ஆர்லோ நிறுத்தினார். "தினமும் போடுவேன். அன்னிக்குத்தான் போடல."

"விழுந்தப்போ மூச்சு இருந்துச்சா?"

ஆர்லோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். காக்கைக் கணவாய் மேகத்துக்குள் இருந்தது.

"ஹாலோரன்லேர்ந்து ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும்," என்றார்.

அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. அதுதான் பதிலும். கிப்புக்குத் தன் முதுகில் அந்தப் பூட்டுக் குத்திய இடம் சில்லிட்டது. நான்கு நாளாகப் பிள்ளைகள் அந்தக் கதவில்தான் பலகைகளைச் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

*

கார்னெட்டில் ஷெரிஃபுக்கு இருந்தது ஒரே ஒரு காவலர். ஆர்லோவிடம் படித்தவன். நிலக்கரி அறையைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவன் முகத்தில் இரத்தம் இல்லை. விலங்கை அவன் தளர்வாகத்தான் மாட்டினான். ஆர்லோவே மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இறுக்கிப் போடுடா. அழாத. புள்ளைங்க ஜன்னல் வழியாப் பார்க்கும்."

அறைக் கதவுக்கு அவனே காவல் நிற்க வேண்டியிருந்தது. ஷெரிஃப் கிளம்பிவிட்டார், கிழக்கு அடிவாரத்தில் காத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். ஆர்லோ, ரமோனாவின் காரில் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கிப் ஓட்டினான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மதியம் சாலையில் ஓடிய தண்ணீர் இப்போது ஓடவில்லை.

"மூணாவது வளைவு வருது," என்றார் ஆர்லோ பின்னாலிருந்து. "பாறைப் பக்கமா ஒட்டிப் போங்க தம்பி. பிரேக்கைத் தொடாதீங்க. என்ன ஆனாலும் தொடாதீங்க."

கிப் தொடவில்லை. கார் ஒரு கணம் தன் இஷ்டத்துக்கு மிதந்தது. கறுப்புக் கண்ணாடியாக உறைந்திருந்த இடத்தைக் கடந்ததும்தான் அவனுக்கு மூச்சு வந்தது.

உச்சியில் ஆரஞ்சு நாடாக்கள் தெரிந்தன.

"கூட்டத்துல என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் ஆர்லோ.

"வில்லர்ட் சொல்ல இருந்ததை," என்றாள் ரமோனா.

"அப்போ பிரிவினை தோத்துடும். எங்க ஸ்கூலை மூடிடுவாங்க."

"மூடலாம்."

"டெல்ஃபினைப் போடச் சொல்லுங்க, எங்க புள்ளைங்க பஸ்ஸுக்கு. வேற யாரையும் போட வேண்டாம். அவளுக்குத்தான் இந்த மலை தெரியும்."

ரமோனா தலையாட்டினாள். கிப் அவள் பக்கம் பார்க்கவில்லை. அவள் விதை மெல்லவில்லை.

உச்சியைத் தாண்டி இறங்கும்போது, கீழே மேகத்துக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் முளைத்தன. பின்னால் மஞ்சள். டெல்ஃபின், கார்னெட் கிழங்களை ஏற்ற வருகிறாள். நல்ல வேகத்தில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

பின்சீட்டில் சங்கிலி சத்தம் கேட்டது.

ஆர்லோ முன்னால் சாய்ந்து, இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே விலங்கிட்ட கைகளை நீட்டினார். இந்த முறை அது தன்னால் எழுந்த கை இல்லை. அந்தக் கை தன்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு கணம் ரமோனாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு நேராகக் கையை உயர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.

பேருந்தின் வேகம் உடனே குறைந்தது. கடந்து போகும்போது டெல்ஃபின் வழக்கம்போல் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், பின்னால் ரோடு சுத்தம் என்று. அப்போதுதான் சங்கிலி அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். விரித்த கை அப்படியே கண்ணாடியில் நின்றுவிட்டது.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று கிப் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தான். அந்த மஞ்சள் பேருந்து, மெதுவாக, மிக மெதுவாக, வளைவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.